ஸ்விஃப்டில் 14 இன்ச்சைக் கழற்றிவிட்டு 16 இன்ச் வீல் போட்டால் வளைவில் நன்றாக நிற்குமா?

கேள்வி கேட்டவரிடம் 2018 ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. இருக்கிறது. மலைப்பாதையில் வண்டி அலைகிறது, 16 இன்ச் அலாய் (கலப்பு உலோக) வீல் போட்டால் சரியாகுமா என்கிறார். என்னிடமும் அதே வண்டிதான், அதே ஆசைதான். போட்டு ஏழு மாதம் ஓட்டிவிட்டுக் கழற்றினேன்.

வண்டியோடு வருவது 165/80 ஆர்14. டயரின் அகலம் 165 மி.மீ. அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ., டயரின் பக்கச் சுவரான சைடுவாலின் உயரம். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் ரிம் முதலில் திரும்பிவிடும், தரையைப் பிடித்திருக்கும் ரப்பர் கொஞ்சம் பிந்தும். நடுவில் இருக்கும் சைடுவால் முறுக்கி முடித்த பிறகுதான் மூக்கு உள்ளே வரும். நீங்கள் அலைகிறது என்று சொல்வதில் பாதி இந்தத் தயக்கம்தான்.

நான் போட்டது 205/55 ஆர்16. சைடுவால் 113 மி.மீ. ஆகக் குறைந்தது. முதல் நாள் ரவுண்டானாவில் திருப்பியபோதே வேறு வண்டி மாதிரி இருந்தது. கை சொன்னதை உடனே கேட்டது. அந்த வாரமே கொல்லிமலைக்கு விட்டேன். காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சிரித்துக்கொண்டே ஏறினேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்று எனக்குக் கிடைத்தது பிடிப்பு அல்ல, சொன்னதைக் கேட்கும் வேகம். இரண்டும் வேறு. பிடிப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ரப்பர் கலவை, காற்று, டயரின் வயது. ரிம்மின் விட்டத்துக்கு அதில் பெரிய பங்கு இல்லை. இன்னொன்று, உயரமான சைடுவால் டயர் வழுக்கப் போகிறது என்றால் முன்னாடியே கீச்சென்று கத்திச் சொல்லிவிடும். சைடுவால் குட்டையானால் எல்லை வரை கம்மென்று இருந்துவிட்டுச் சட்டென்று விட்டுவிடும். இறங்கும்போது ஈரமான ஒரு வளைவில் எனக்கு அது புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா அதற்குப் பிறகு அடிவாரம் வரை பேசவில்லை.

அகலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அகல டயர் என்றால் அதிக ரப்பர் தரையில் படும் என்று நினைக்கிறோம். தரையில் படும் பரப்பைப் பெருமளவு முடிவு செய்வது வண்டியின் எடையும் டயரின் காற்றழுத்தமும்தான். அகலம் கூடினால் அந்தப் பரப்பு குறுக்கே நீண்டு, முன்பின்னாகக் குறுகும். காய்ந்த ரோட்டில் வளைவுக்கு அது நல்லது. மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஸ்விஃப்ட் மாதிரி லேசான வண்டியில் அகல டயர் தண்ணீரைக் கிழிக்காமல் அதன் மேல் ஏறி மிதக்கப் பார்க்கும். உலக ராலி போட்டிகளில் தார் ரோட்டுக்கு 18 இன்ச்சும் மண் ரோட்டுக்கு 15 இன்ச்சும் மாட்டுகிறார்கள். பெரிசுதான் எப்போதும் நல்லது என்றால் அவர்களுக்கு இரண்டு செட் எதற்கு?

அடுத்தது எடை. கழற்றிய 14 இன்ச் இரும்பு வீலை டயரோடு பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தேன், 14 கிலோ சொச்சம். புதியது கிட்டத்தட்ட 18. அலாய் என்றாலே லேசு என்ற நம்பிக்கை அன்றோடு போனது. இந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது. பள்ளத்தில் இறங்கிய வீல் திரும்பத் தரையைத் தொட நேரமாகும், அதுவரை பிடிப்பே கிடையாது. குண்டும் குழியுமான வளைவில் பின்பக்கம் தத்தித் தத்திப் போனது அதனால்தான். சிக்னலில் எடுக்கும்போது மந்தம், மைலேஜிலும் அடி.

வெளி விட்டத்தைப் பார்த்தால் பழையது சுமார் 620 மி.மீ., புதியது 632. இரண்டு சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டரும் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். அதைவிடப் பெரிய தலைவலி ஆஃப்செட், அதாவது வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் அளவு. கடைக்காரர் வீல் வெளியே தள்ளி நின்றால் கெத்தாக இருக்கும் என்றார், நானும் தலையாட்டினேன். ஐந்து பேர் ஏறினால் பின் டயர் ஃபெண்டரில் உரசியது. ரோட்டில் நீளவாக்கில் விரிசலோ விளிம்போ வந்தால் ஸ்டீயரிங் அதன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் ராத்திரி ஒரு பள்ளம், முன் ரிம் நெளிந்தது. அதோடு முடிந்தது.

இப்போது ஓடுவது 185/65 ஆர்15. இதே ஸ்விஃப்டின் மேல் வேரியண்டுக்குக் கம்பெனியே கொடுத்த அளவு. விட்டம் 621 சொச்சம், அதனால் மீட்டர் குழப்பம் இல்லை. சைடுவால் 120 மி.மீ., தயக்கம் பாதி குறைந்தது, பள்ளமும் தாங்குகிறது. 16 தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் 195/55 ஆர்16 போடுங்கள், விட்டம் பொருந்தும். ரிம்மின் எடையையும் ஆஃப்செட்டையும் கேட்காமல் வாங்காதீர்கள். டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைச் சொல்லும் எண்ணான லோட் இன்டெக்ஸ் 85க்குக் குறையக் கூடாது.

செலவு செய்வதற்கு முன் ஒரு வேலை. உங்கள் டயரின் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்று இருந்தால் 2018இன் 23ஆவது வாரத்தில் செய்தது. வண்டியோடு வந்த டயரே இன்னும் ஓடுகிறது என்றால் அதன் ரப்பர் எப்போதோ இறுகியிருக்கும். அப்படியானால் அதே 14 இன்ச்சில் நல்ல டயர் நான்கு மாற்றி, அலைன்மென்ட் பார்த்து, டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளபடி காற்று வைத்து ஒரு தடவை மலை ஏறிப் பாருங்கள். அலாய் ஆசை அதற்குப் பிறகும் இருந்தால் எனக்கு எழுதுங்கள், பேசலாம்.