வகுப்பறையில் அடிமைக் கப்பல் வேண்டாமே!

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். அடுத்து அட்லாண்டிக் அடிமை வணிகப் பாடம், அதாவது ஆப்பிரிக்கர்களைப் பிடித்துக் கப்பலில் அமெரிக்கக் கண்டங்களுக்குக் கொண்டுபோய் விற்ற கதை. வலி புரியட்டும் என்று பிள்ளைகளை மேசைகளுக்கு அடியில் நெருக்கிப் படுக்கவைத்து, கையைக் கட்டி, பத்து நிமிடம் 'கப்பல்' நடத்தலாம் என்றிருக்கிறேன். சக ஆசிரியர் கூடவே கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: சக ஆசிரியர் சொல்வதுதான். பத்து நிமிடத்தில் எழுந்துவிடலாம் என்று தெரிந்து படுத்திருக்கும் பிள்ளைக்கு, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சங்கிலியோடு கிடந்தவர்களின் நிலை எப்படிப் புரியும்? பாதிப் பேர் சிரிப்பார்கள். வீட்டில் அடி வாங்குகிற பிள்ளையோ, நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யப்படுகிற பிள்ளையோ அங்கே இருந்தால், அதற்கு மட்டும் நிஜமாகவே வலிக்கும். பொய் ஏலம், 'நீ முதலாளி, நீ அடிமை' என்று பிரிப்பது எல்லாம் இதே ரகம்தான். ஆப்பிரிக்க வம்சாவளிப் பிள்ளை யாராவது இருந்தால், எல்லோர் முன்னாலும் எழுப்பி "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டுவிடாதீர்கள்.

பாடத்தைக் கப்பலில் தொடங்காதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசையும், கல்வி நகரமான திம்பக்துவின் ஏடுகளையும், பழைய பெனின் அரசின் (இன்றைய நைஜீரியாவில்) உலோகச் சிற்பங்களையும் முதலில் காட்டுங்கள், பிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு ஊரும் தொழிலும் குடும்பமும் இருந்தன என்பது அப்போதுதான் பதியும். அப்புறம் ஒரு மனிதரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடிமையாக இருந்த ஒலாடா இக்வியானோ 1766-இல் தன் விடுதலையைத் தானே பணம் கொடுத்து வாங்கினார், 1789-இல் தன் கதையைத் தானே எழுதி வெளியிட்டார். அவர் மனதில் நின்ற பிறகு எண்ணிக்கைக்கு வாருங்கள்: ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி, உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சுமார் 1.07 கோடி. கழித்துப் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள்.

சாட்டைத் தழும்புப் படங்களைத் திரை முழுக்கப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை, அதிர்ச்சியில் சிந்தனை நின்றுபோகும். அதற்குப் பதில் ஒரு செய்தியைச் சொல்லுங்கள்: 1833-இல் பிரிட்டன் தன் காலனிகள் பெரும்பாலானவற்றில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியது. யாருக்கு? உரிமையாளர்களுக்கு! உழைத்தவர்களுக்கு ஒரு காசு இல்லை, போதாததற்கு அவர்களில் பெரும்பாலோர் 1838 வரை 'பயிற்சி' என்ற பெயரில் பழைய முதலாளியிடமே வேலை செய்ய வேண்டியிருந்தது. இதை மட்டும் சொல்லிவிட்டு நீங்கள் சும்மா இருங்கள், பிள்ளைகளே பேசுவார்கள்.

கேள்வி: "அவர்கள் ஏன் எதிர்க்கவில்லை?" என்று பிள்ளைகள் கேட்டால்?

பதில்: எதிர்த்தார்கள். கப்பலிலேயே கலகம் செய்தார்கள். 1839-இல் அமிஸ்டாட் கப்பலைக் கைப்பற்றியவர்கள் அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போய் 1841-இல் விடுதலை பெற்றார்கள். 1791-இல் கரீபியனில் பிரெஞ்சுக் காலனி ஒன்றில் அடிமைகள் எழுப்பிய கிளர்ச்சி நெப்போலியனின் படையையே தோற்கடித்து 1804-இல் ஹெய்ட்டி என்ற சுதந்திர நாடாக முடிந்தது. தப்பி ஓடியதும், வேண்டுமென்றே வேலையை இழுத்தடித்ததும், தடையை மீறி எழுத்துப் படித்ததும்கூட எதிர்ப்புதான். பாடம் ஆறு பக்கம் என்றால் அதில் இரண்டு பக்கமாவது இதற்கு வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் அடிபட மட்டுமே பிறந்தவர்கள் என்ற எண்ணம் தங்கிவிடும்.

கேள்வி: பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?

பதில்: சொல்லிவிடுங்கள், இரண்டு வரி போதும். பாடத்தைக் கடைசிப் பீரியடில் மட்டும் வைக்காதீர்கள். கலங்கிப் போன பிள்ளை உங்களைத் தேடி வந்தால், பேச நேரம் இருக்க வேண்டும்.