டிப்ளமோ முடித்த தம்பிக்கு முதல் நேர்காணல், எப்படித் தயாராவது?

"தம்பி டிப்ளமோ மெக்கானிக்கல். அடுத்த வாரம் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் நேர்காணல். ஆங்கிலம் தடுமாறுகிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு வாரத்தில் ஆங்கிலம் வந்துவிடாது, அதை விடுங்கள். "உன்னைப் பற்றிச் சொல்" என்பதற்கு மட்டும் ஐந்தாறு வரியை அவனே எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்.

கையில் பழக்கம் இருக்கிறதா என்பதைத்தான் அதிகம் பார்ப்பார்கள். என் முதல் நேர்காணலில் எதிரே இருந்தவர் நுட்பமாக அளக்க உதவும் வெர்னியர் காலிப்பர் ஒன்றையும் இரும்புத் துண்டையும் நீட்டி, "அளந்து சொல்லுப்பா" என்றார். முதன்மை அளவுகோலின் 49 மில்லிமீட்டரை நகரும் வெர்னியர் அளவுகோலில் 50 பிரிவாக்கினால் மீச்சிற்றளவு, அதாவது அதில் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.02 மில்லிமீட்டர் என்று நன்றாகவே தெரியும். ஆனால் அளக்கும் முன் தாடையை மூடி, பூஜ்யம் சரியாகப் பொருந்துகிறதா என்று பூஜ்யப் பிழை பார்க்க மறந்துவிட்டேன். கை வேறு நடுங்கியது. வேலை கிடைக்கவில்லை; இன்னமும் மனசில் உறுத்துகிறது. அதனால்தான் சொல்கிறேன், திருநெல்வேலி பேட்டைப் பக்கம் தெரிந்த லேத் பட்டறை இருந்தால் இரண்டு நாள் போய் நின்று, நாலு பொருளை அளந்து பார்க்கட்டும்.

கல்லூரி புராஜெக்ட்டில் தான் செய்த பங்கை மட்டும் சொன்னால் போதும். தெரியாததைத் "தெரியவில்லை சார்" என்று சொல்லிவிடலாம். மழுப்பினால் இன்னும் தோண்டுவார்கள்.

அசல் சான்றிதழ், இரண்டு செட் நகல். சிப்காட் பெரிய இடம், பஸ் நிறுத்தத்திலிருந்து கம்பெனி கேட் தூரமாக இருக்கலாம். முந்தின நாளே போய்ப் பார்த்து வரட்டும். அப்புறம், ஷிஃப்ட், வேன் வசதி, பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளம் இதையெல்லாம் கடைசியில் தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.