பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்களுக்குச் சொந்த வீடும் நல்ல சம்பளமும் இருக்கின்றன. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தந்தை விபத்தில் அடிபட்டு வேலையிழந்தார். பழைய துணிகளும் மளிகைப் பொருட்களும் இரண்டு முறை கொண்டுபோய்க் கொடுத்தோம். வசதியின் அருமை தெரியட்டும் என்று பிள்ளைகளையும் அழைத்துப் போனேன். இப்போது அந்தக் குடும்பத்தார் எங்களைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்கள். பணமாகக் கொடுத்தால் குடியில் போய்விடுமோ என்று என் கணவர் தயங்குகிறார். என்ன செய்யலாம்?

க.

அன்புள்ள க.,

பிள்ளைகளோடு போனதுதான் அவர்களைக் கூச வைத்திருக்கும் என்று நினைக்கிறேன். தன் பிள்ளைகள் வயதுப் பிள்ளைகள் பார்த்து நிற்க, கைநீட்டி வாங்குவது எந்தத் தகப்பனுக்கும் கடினம். ஒரு வீட்டின் கஷ்டத்தை இன்னொரு வீட்டுக்குப் பாடமாக்கக் கூடாது.

பிள்ளைகளுக்குச் சொல்ல உங்கள் வீட்டுக் கணக்கே போதும். இரண்டு மாதம் சம்பளம் வராவிட்டால் எதைக்கொண்டு சமாளிப்போம் என்று அவர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். சேமிப்பு, மருத்துவக் காப்பீடு, சம்பளத்தோடு விடுப்பு, வட்டியில்லாமல் கைமாற்றுத் தரும் சொந்தக்காரர். இந்த நான்கும் இல்லாத வீட்டில் ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தாலே மூன்று நாள் கூலி போகும், மருந்துக்குக் கடன் வாங்க வேண்டும், அந்தக் கடன் அடுத்த மாத வாடகையில் கைவைக்கும். அதையும் அருகில் எழுதிக் காட்டுங்கள்.

அடுத்த முறை நீங்கள் மட்டும் போங்கள், அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். "என்ன வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். "வாடகை, பள்ளிக் கட்டணம், கடன் தவணை, இதில் எது முதலில் நெருக்குகிறது? எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும்?" என்று கேளுங்கள். தேதி மிக முக்கியம். கெடு முடிந்து அபராதம் ஏறிய பிறகு தரும் அதே தொகை பாதி வேலைதான் செய்யும். வட்டிக் கடன் இருந்தால் பெரும்பாலும் அதைத்தான் முதலில் அடைக்க வேண்டும். நூற்றுக்கு வாரம் 5 என்பது கேட்கச் சிறிதாக இருக்கும். ஓராண்டில் வட்டி மட்டும் 260 ஆகிவிடும், அசல் 100 அப்படியே நிற்கும். இப்படிப்பட்ட கடனில் இருக்கும் வீட்டுக்கு அரிசிப் பை தருவதைவிட அசலில் ஒரு பங்கை அடைப்பது பல மடங்கு பெரிய உதவி.

உங்கள் கணவரின் அச்சம் பலருக்கும் உண்டு. உலக வங்கிக்காக டேவிட் இவான்ஸ், அன்னா போபோவா இருவரும் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏழைக் குடும்பங்களுக்குப் பணமாகக் கொடுத்ததால் மது, புகையிலைச் செலவு கூடியதாக அவற்றில் பொதுவாகத் தெரியவில்லை. அந்த வீட்டில் குடிப்பழக்கம் இருப்பது உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் வாடகையை வீட்டுக்காரரிடமும் கட்டணத்தைப் பள்ளியிலும் நேரே கட்டிவிடலாம். வெறும் சந்தேகத்துக்காக அப்படிச் செய்ய வேண்டாம், அது அவர்களை இன்னும் சிறுமைப்படுத்தும்.

பொருளாகத்தான் கொடுப்பதென்றால், உங்களுக்கே இன்னொருவர் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று பாருங்கள். வீட்டில் மிஞ்சிய மருந்துகள் வேண்டாம். கைக்குழந்தை தாய்ப்பால் குடிக்கும் வீட்டுக்குப் பால்பவுடர் கூடவே கூடாது. குழந்தை குடிப்பது குறையக் குறையத் தாய்க்குப் பால் சுரப்பதும் குறையும். டப்பா தீரும் நிலை வந்தால் தண்ணீரைக் கூட்டிக் கலப்பார்கள், தண்ணீர் சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வரும்.

எவ்வளவு, எத்தனை மாதம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆறு மாதம், மாதாமாதம் ஒரே தேதியில், ஒரே தொகை என்றால் அவர்களால் திட்டமிட முடியும். மனம் இளகும்போது பெரிய தொகையும் மற்ற மாதங்களில் ஒன்றுமில்லாமலும் கொடுத்தால் அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க நேரும். சம்பளம் வந்த அன்றே அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். படம் எடுக்காதீர்கள், மற்றவர்களிடம் பேசாதீர்கள்.

விபத்து என்கிறீர்கள். இழப்பீடோ, உடல் குறைபாட்டுக்கான அரசு உதவியோ, காப்பீட்டுத் தொகையோ அவருக்கு உரியதாக இருக்கலாம். பல இடங்களில் இவற்றுக்கு விண்ணப்பிக்கக் காலக்கெடு உண்டு என்பதால் இதை இந்த வாரமே விசாரியுங்கள். மருத்துவமனைச் சீட்டுகள், விபத்து நடந்த நாளின் பதிவு, சம்பளச் சான்று மூன்றையும் நகலெடுத்து வையுங்கள். எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள், எழுத்து மாறியிருந்தால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடலாம். அலுவலகத்துக்குப் போகும் நாளில் அவர் மனைவிக்குக் கூலி போகும் என்றால் அதையும் நீங்களே கொடுத்துவிடுங்கள். வருமான வரம்பு வைத்துத் தரும் உதவி ஏதாவது பெறுகிறார்கள் என்றால், வங்கியில் பெரிய தொகை போடுவதற்குமுன் அது நின்றுவிடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.