மூன்று இரவு ஏரிப்பயணம்: எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது?

கேள்வி: சியாட்டில் பக்கம் ரெட்மண்டில் இருக்கிறோம். நானும் கணவரும் இன்னொரு தம்பதியும் இந்தக் கோடையில் ஆல்பைன் லேக்ஸ் வனப்பகுதியில் மூன்று இரவு தங்கி, போன வழியே திரும்பாமல் ஒரு சுற்றாக நடந்து வர ஆசைப்படுகிறோம். இதுவரை ஒருநாள் நடை மட்டும்தான் பழக்கம். கடையில் எழுதிக் கொடுத்த பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு 1,200 டாலரைத் தாண்டுகிறது. எல்லாவற்றையும் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். காலணி, கம்பளிக் காலுறை, மழை ஜாக்கெட், தண்ணீர் ஃபில்டர், நெற்றி விளக்கு இவற்றை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். டென்ட், முதுகுப் பை, ஸ்லீப்பிங் பேக், அதன் அடியில் விரிக்கும் பேட், அடுப்பு, கரடி டப்பா (கரடியால் திறக்க முடியாத உணவு டப்பா) எல்லாம் முதல் தடவை வாடகைக்குப் போதும். எந்தப் பை உங்கள் தோளை அறுக்கும், எந்த டென்ட்டில் உங்களுக்கு மூச்சு முட்டும் என்பதெல்லாம் இரண்டு இரவு வெளியே தூங்கிப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு முன்னால் பெரிய பணத்தைப் போடாதீர்கள்.

உங்கள் ஊரிலேயே அதற்கு வசதி இருக்கிறது. ஆர்இஐ என்பது 1938-ல் சியாட்டில் மலையேறிகள் தொடங்கிய கூட்டுறவுக் கடை. 30 டாலர் கட்டினால் ஆயுள் உறுப்பினர் ஆகிவிடலாம். வாடகையில் சலுகை உண்டு, வாங்கிய பொருள் ஒத்துவராவிட்டால் ஒரு வருடத்துக்குள் திருப்பித் தரலாம். மற்றவர்களுக்கு அந்தக் கெடு 90 நாள்தான். பிறர் திருப்பித் தந்த பொருள்களைக் குறைந்த விலைக்கு விற்கும் பகுதியும் உண்டு. அடுத்த வருடம் டென்ட் வாங்குவதாக இருந்தால் முதலில் அங்கே பாருங்கள். ஆகஸ்ட் வாரக் கடைசிகளில் வாடகைப் பொருள்களுக்குப் போட்டி அதிகம், முன்பதிவு செய்துவிடுங்கள்.

ஸ்லீப்பிங் பேக் விஷயத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பையின் பெயரிலேயே '20' என்று இருக்கும். 20 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரிலும் சுகமாகத் தூங்கலாம் என்று நினைத்துக்கொள்வோம். பையின் உள்பக்கம் தைத்திருக்கும் சின்ன லேபிளைப் புரட்டிப் பாருங்கள். ஐஎஸ்ஓ 23537 என்ற தரத்தின்படி சோதித்த பையில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்' என்று இரண்டு எண்கள் இருக்கும். பெயரில் வருவது பெரும்பாலும் லிமிட் எண்தான். சராசரி ஆண் ஒருவர் உடலைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ தூங்கிவிடக்கூடிய குளிர் அது. சராசரிப் பெண் இயல்பாகத் தூங்கும் குளிரைக் காட்டுவது கம்ஃபர்ட் எண். இரண்டுக்கும் நடுவே பத்து டிகிரி அளவுக்கு வித்தியாசம் வரும். குளிர் தாங்காத யாராக இருந்தாலும் கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். ஐயாயிரம் அடி உயரத்தில் ஆகஸ்ட் இரவுகூட உறைநிலைக்குப் பக்கத்தில் போகலாம், ஆகவே கம்ஃபர்ட் 30 டிகிரி இருந்தால் நிம்மதி. பேடுக்கு 'ஆர் வேல்யூ', அதாவது தரைக் குளிரைத் தடுக்கும் அளவு, 3 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். குளிர் தரையிலிருந்துதான் ஏறும். பேட் மெல்லியதாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பையாலும் பிரயோசனம் இல்லை.

டென்ட்டில் 'இருவர்' என்று போட்டிருந்தால், இருவர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு படுக்கலாம் என்று அர்த்தம். 'மினிமம் வெயிட்' என்று போட்டிருக்கும் எடையில் ஆணிகளும் உறைகளும் சேராது. அதனால் 'பேக்டு வெயிட்' என்ன என்று கேளுங்கள்.

கேள்வி: இதே வனத்தில் இருக்கும் என்சாண்ட்மெண்ட்ஸ் ஏரிப் பகுதியில் இரவு தங்கும் பெர்மிட்டுக்கான குலுக்கலில் எங்கள் பெயர் விழவில்லை. இணையத்தில் ஒருவர் தன் பெர்மிட்டை விற்கிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்த பெர்மிட்டை விற்கவும் முடியாது, வேறு பெயருக்கு மாற்றவும் முடியாது. மே 15 முதல் அக்டோபர் 31 வரை அங்கே இரவு தங்க பெர்மிட் கட்டாயம். ரேஞ்சர் கேட்கும்போது பெர்மிட்டுக்குரியவர் உங்களோடு இல்லையென்றால் பணமும் போச்சு, பயணமும் போச்சு.

ஆனால் இதற்காக மனம் தளர வேண்டியதில்லை. 1976-ல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட, பிறகு 2014-ல் விரிவாக்கப்பட்ட இந்த வனத்தில் ஏரிகளும் குட்டைகளுமாக 700-க்கு மேல் இருக்கின்றன. என்சாண்ட்மெண்ட்ஸ் அதில் ஒரு மூலை. மற்ற இடங்களுக்குக் குலுக்கல் கிடையாது. நடைபாதை தொடங்கும் இடத்தில் இருக்கும் படிவத்தை நீங்களே நிரப்பிக்கொண்டால் போதும், காசு கிடையாது. வண்டி நிறுத்தப் பெரும்பாலும் நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு தேவைப்படும். நாளுக்கு 5 டாலர், வருடத்துக்கு 30 டாலர்.

உங்களுக்கு நான் சொல்வது கதீட்ரல் பாஸ், டிசெப்ஷன் பாஸ் என்ற இரண்டு கணவாய்கள் வழியாகப் போகும் சுற்று. ராஸ்லின் வழியாக சாமன் லா சாக் போய், அங்கிருந்து மண் ரோட்டில் டக்குவாலா மெடோஸ் வரை வண்டி போகும். சுற்று சுமார் 14 மைல். முதல் நாள் ஏறி கதீட்ரல் பாறை அடிவாரத்தில் பெக்கிஸ் பாண்ட் பக்கம் தங்கலாம். அடுத்த நாள் பசிஃபிக் கிரெஸ்ட் டிரெயில் என்ற நெடுந்தூர நடைபாதையில் டிசெப்ஷன் பாஸ் தாண்டி இறங்கினால் ஹையாஸ் ஏரி. மூன்றாம் நாள் சுமையைக் கரையிலேயே விட்டுவிட்டு டக், ராபின் ஏரிகளுக்கு ஏறிப் பார்த்து வரலாம். அந்த ஏற்றம் செங்குத்தானது, ஆனால் மேலே போனால் வெண்பாறைகளுக்கு நடுவே தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும். எனக்கு இந்த வனத்தில் மிகவும் பிடித்த இடங்களில் அதுவும் ஒன்று.

தேதியில் மட்டும் கவனம் தேவை. ஜூலை முதல் பாதியில் கணவாய்களில் பனி இருக்கும். பனி உருகும் நாள்களில் மண் ரோட்டுக்குக் குறுக்கே ஓடும் ஸ்கேட்டர் க்ரீக்கில் சின்ன கார் இறங்காது. கதீட்ரலுக்கும் டிசெப்ஷனுக்கும் நடுவே காலால் கடக்க வேண்டிய ஓடையும் மூர்க்கமாக ஓடும். ஜூலை முடியும்வரை கொசு பிடுங்கி எடுக்கும். ஆகஸ்ட் இரண்டாம் பாதி நல்லது, ஆனால் அப்போது காட்டுத்தீப் புகை வரலாம். ஆகவே வாடகையை ரத்து செய்ய வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, மாற்றுத் தேதி ஒன்றையும் கையில் வைத்திருங்கள். வாஷிங்டன் டிரெயில்ஸ் அசோசியேஷன் தளத்தில் அந்த வாரம் போய் வந்தவர்கள் எழுதுவதைக் கிளம்புவதற்கு முன்தினம்கூட ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: பட்டியலில் கோடரி, சாட்டிலைட் கருவி, பாக்கெட் உணவு எல்லாம் இருக்கின்றன. இவை அவசியமா?

பதில்: கோடரியை அடித்துவிடுங்கள். காஸ்கேட் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் 5,000 அடிக்கு மேலும், மேற்குச் சரிவில் 4,000 அடிக்கு மேலும் நெருப்பு மூட்டத் தடை உண்டு. கோடையில் அதற்குக் கீழேயும் தடை வந்துவிடும். சமையலுக்கு கேஸ் அடுப்புதான்.

செல்போன் எடுக்காத இடத்திலிருந்தும் செய்தி அனுப்பும் சாட்டிலைட் கருவி நால்வருக்கு ஒன்று இருக்கட்டும். அதையும் வாடகைக்கே எடுக்கலாம். வாங்குவதானால் மாதச் சந்தாவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பிஎல்பி என்ற அபாய அறிவிப்புக் கருவிக்குச் சந்தா இல்லை, ஆனால் செய்தி அனுப்ப முடியாது, உதவி மட்டுமே கேட்க முடியும்.

பாக்கெட் உணவில் 'இருவருக்கு' என்ற வரியை நம்பாதீர்கள், பின்பக்கம் கலோரியைப் பாருங்கள். நாள் முழுக்க ஏறி வந்தவருக்கு அது ஒரு ஆள் சாப்பாடுதான். உப்புமா மிக்ஸ், அவல், புளியோதரைப் பொடி எல்லாம் அதைவிட மலிவு, ருசியும் கூட. வேகவைக்காத பருப்பு மட்டும் வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாமல் கேஸ்தான் தீரும். நால்வருக்கு 230 கிராம் கேனிஸ்டர் இரண்டு எடுங்கள், இருவருக்கு ஒரு பெரிய கரடி டப்பா. பற்பசையும் சன்ஸ்கிரீனும்கூட இரவில் அதற்குள்தான் போக வேண்டும்.