எத்தனை ட்யூமா? கேள்வி பதில்

கேள்வி: Dumas என்ற பிரெஞ்சுப் பெயரைச் சொல்வது டூமாஸா, ட்யூமாவா?

ட்யூமா. கடைசி 'ஸ்' எழுத்தில் மட்டும்தான். தென் பிரான்சில் 'மாஸ்' என்றால் பண்ணைவீடு. அந்த வீட்டுக்காரர் என்பதுதான் பெயரின் பொருள். பண்ணை இருந்த ஊரிலெல்லாம் ஒரு ட்யூமா இருந்திருப்பார். பெயரைப் பார்த்து உறவு கட்டாதீர்கள்.

கேள்வி: புதுச்சேரி ட்யூமா வீதி நாவலாசிரியர் அலெக்சாந்தர் ட்யூமா பெயரில்தானே?

இல்லை. 1735 முதல் 1741 வரை அங்கே ஆளுநராக இருந்த பெனுவா ட்யூமா. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது இவர் காலத்தில். நாவலாசிரியர் பிறந்ததே 1802இல்.

கேள்வி: நாவலாசிரியரின் தாத்தா அடிமையாமே?

பாட்டி. தாத்தா பிரெஞ்சுப் பிரபு. இன்றைய ஹைட்டியில் மரி செசெத் ட்யூமா என்ற அடிமைப் பெண்ணிடம் அவருக்கு 1762இல் பிறந்த மகன் தோமா அலெக்சாந்தர். ஊர் திரும்பக் கப்பல் காசு வேண்டி மகனையே அடகு வைத்துவிட்டு, அப்புறம் மீட்டார் அந்த அப்பா. 1786இல் மகன் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தபோது, என் பெயர் அங்கே கெடக்கூடாது என்றாராம் அப்பா. சரி என்று மகன் அம்மா பெயரைப் போட்டுக்கொண்டார். அதே பெயரில் ஜெனரலும் ஆனார். எகிப்துக்கு நெப்போலியனுடன் போய் முறைத்துக்கொண்டு, திரும்பும் வழியில் இத்தாலியில் சிறைப்பட்டார். 1806இல் அவர் இறந்தபோது வருங்கால நாவலாசிரியருக்கு நான்கு வயதுகூட ஆகவில்லை.

கேள்வி: அடிமைக்கு ஏது பிரெஞ்சுக் குடும்பப்பெயர்? 'பண்ணையைச் சேர்ந்தவள்' என்று எழுதியதுதான் பெயராகிவிட்டது.

அப்படிச் சொல்பவர்கள் உண்டு. இன்னொருவர் உடனே, 'அப்போ அது பெயரே இல்லையா?' என்று சண்டைக்கு வந்தார். ஏங்க, 'மேலத்தெருக்காரர்' நம் ஊரில் பெயராக ஒட்டிக்கொள்வதில்லையா? எப்படி வந்திருந்தாலும் மகன் எடுத்தது அம்மாவிடமிருந்து. பிரபுவின் பட்டப்பெயர் யாருக்கு நினைவிருக்கிறது?

கேள்வி: வேதியியலில் வரும் டூமாஸ் முறை?

ழான் பத்தீஸ்த் ட்யூமா, 1800 முதல் 1884 வரை வாழ்ந்தவர். நைட்ரஜனை அளக்கும் முறை அவருடையது. ஈபிள் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் ஒருவர். உறவில்லை.

கேள்வி: ஆளுநருக்கும் நாவலாசிரியருக்கும் உறவா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மூன்று துப்பாக்கி வீரர்கள், கமேலியா சீமாட்டி இரண்டும் ஒருவர் எழுதியதா?

முதலாவது அப்பா, 1844. இரண்டாவது மகன், 1848. இருவர் பெயரும் அலெக்சாந்தர் ட்யூமா. இவர்கள் மட்டும் உறவுதான்.

கேள்வி: அப்போ வேதியியல்காரர்...

இல்லை.