நாய் வளர்க்கிறவங்க கேட்ட கேள்விகள்: பால் வெள்ளையா குட்டி வேணும் சார்!

கேள்வி: எங்கிட்ட ஒரு ராஜபாளையம் பொட்டை இருக்கு சார், 14 மாசம், இப்ப ரெண்டாவது ஹீட்டுல (ஆண் நாயோட சேர்ற பருவம்) இருக்கா. பக்கத்து தெருக்காரர்கிட்ட இருக்குற ஆண் நாய் பால் மாதிரி வெள்ளை, ரோஸ் கலர் மூக்கு, உடம்புல ஒரு புள்ளி கிடையாது. ரெண்டுக்கும் அப்பா ஒண்ணு, அம்மா வேற வேற. அப்படி சேர்த்தாத்தான் ரத்தம் சுத்தமா இருக்கும்னு அவரு சொல்றாரு. கிராஸ் பண்ணலாமா?
(சிவகாசி வாசகர்)

பதில்: வேணாங்க. இந்த ஹீட்டுலயும் வேணாம், அந்த ஆண் நாயோட எப்பவுமே வேணாம்.

முதல்ல வயசு. 2017ல மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிப்படி பொட்டைக்கு 18 மாசமாவது ஆகியிருக்கணும், டாக்டர் பாத்து ஆரோக்கியமா இருக்கான்னு சர்டிபிகேட் தரணும். வருஷத்துக்கு ஒரு ஈத்து, வாழ்நாள்ல அஞ்சு ஈத்து, எட்டு வயசுக்கு மேல கூடவே கூடாது. உங்க பொண்ணுக்கு இன்னும் உடம்பே முழுசா கூடியிருக்காது, அதுக்குள்ள வயித்துல ஏழெட்டு குட்டின்னா அவ எலும்புல இருக்குறதத்தான் எடுத்துக் குடுக்கணும். அடுத்த ஹீட்டு வர்றதுக்குள்ள 20 மாசம் ஆயிரும், பொறுங்க.

ஒரே அப்பாவுக்குப் பிறந்ததுகள சேர்க்கவும் அதே விதி விடாது. நம்மூர்ல இதுக்கு 'லைன் போடுறது'ன்னு கௌரவமா ஒரு பேரு வச்சிருக்காங்க, அண்ணன் தங்கச்சிய சேர்க்கறதுதான் அது, வேற ஒண்ணுமில்ல. அப்பாகிட்ட ஒளிஞ்சிருக்க கோளாறு ரெண்டு பக்கமும் வந்து ஒரே குட்டிகிட்ட சேரும்போதுதான் வெளிய தெரியும், அப்ப குட்டி உங்க வீட்டுல இருக்காது, எவனோ காசு குடுத்து வாங்கிட்டுப் போயிருப்பான்.

இப்ப அந்த பால் வெள்ளைக்கு வரேன். ராஜபாளையத்துல செவிட்டுக்குட்டி பிறக்குதுன்னு ஊர்ல நாய் வளர்க்குற எல்லாருக்கும் தெரியும், யாரும் சத்தமா சொல்ல மாட்டாங்க. காரணம் அந்த வெள்ளையேதான். தோலுக்கும் முடிக்கும் நிறம் குடுக்குற செல் உள்காதுக்குள்ளயும் இருக்கணும், அங்க அது இல்லன்னா சத்தத்தப் பிடிக்கிற நுண்ணிய மயிர்ச்செல்லெல்லாம் குட்டி பிறந்து மூணு நாலு வாரத்துலயே செத்துப்போயிரும், திரும்ப முளைக்காது. வெள்ளை உடம்புல கருப்புப் புள்ளி இருக்குற டால்மேஷியன் நாய்லயும் இதே கதைதான், அமெரிக்காவுல எடுத்த கணக்குல நூத்துக்கு 8 குட்டிக்கு ரெண்டு காதும் கேக்கல, 22 குட்டிக்கு ஒரு காது கேக்கல. அந்த 22தான் ஆபத்து. ஒரு காது கேக்குற நாய் கூப்பிட்டா வரும், குரைக்கும், காவல் காக்கும், யாருக்கும் சந்தேகமே வராது, ஆனா குட்டி போட்டா கோளாறு அடுத்த தலைமுறைக்குப் போயிரும். நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கன்னா லேசா செவலைப் புள்ளி விழுந்த குட்டிய ஒதுக்கிட்டு சுத்த வெள்ளையத்தான் அடுத்த ஈத்துக்கு வைக்கிறாங்க. வியாதிய நாமே பொறுக்கி எடுத்து வளர்க்குற மாதிரிதான இது?

ஒரு வீட்டுல ஆறு வாரக் குட்டிங்கள பாக்கப் போயிருந்தேன். அந்தம்மா சாப்பாட்டுத் தட்ட கரண்டியால தட்டுனதும் அஞ்சு குட்டி உருண்டு பிரண்டு ஓடியாந்துச்சு, ஆறாவது சாக்கு மேல அப்படியே தூங்குது. 'இது ரொம்ப சாது சார், இதையே எடுத்துக்குங்க'ன்னாங்க. நான் பக்கத்துல குத்தவச்சு அதோட தலைக்குப் பின்னாடி சாவிக்கொத்த ஆட்டுனேன், காது நுனி கூட அசையல. விரலால முதுகத் தொட்டதும் பதறி எந்திரிச்சு என் கையக் கடிக்க வந்துச்சு. சாது இல்லம்மா, செவிடுன்னேன், அந்தம்மாவுக்கு முகமே மாறிருச்சு.

நீங்களும் குட்டிய சோதிக்கறப்போ தனியா வச்சு சோதிங்க, கூடப்பிறந்தது ஓடுனா இதுவும் பாத்து ஓடிரும். கால தரையில உதைக்கக் கூடாது, அதிர்வு தெரிஞ்சிரும். கையத் தட்டுனாலும் காத்து படும். இப்படி சோதிச்சா கூட ஒரு காது செவிட கண்டுபிடிக்க முடியாது, அதுக்கு பேயர்னு ஒரு டெஸ்ட் இருக்கு, காதுல கிளிக் கிளிக்குன்னு சத்தம் குடுத்து மூளைக்குப் போகுற சிக்னல அளப்பாங்க, அஞ்சாறு வாரத்துலயே எடுக்கலாம். உங்களுக்குப் பக்கம் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி, எங்க எடுக்கலாம்னு அங்க விசாரிங்க. அப்பா அம்மா ரெண்டுக்கும் எடுத்துட்டு, ரத்த சம்பந்தம் இல்லாத ஆண் நாயா தேடுங்க. அதுக்குக் காதோரம் புள்ளி இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

கேள்வி: லேப்ரடார் குட்டி பாத்திருக்கோம், கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பதிவுப் பேப்பர் இருக்குன்னு 8 ஆயிரம் கூட கேக்குறாங்க. பேப்பர் இருந்தா வியாதி வராதுல்ல?
(கோவை வாசகி)

பதில்: பேப்பர்ல இருக்குறது அப்பன் தாத்தா பேரும்மா, எக்ஸ்ரே இல்ல. லேப்ல இடுப்பு மூட்டு கோளாறு பரம்பரையா வர்ற சமாச்சாரம், அதனால அப்பா அம்மாவோட இடுப்பு எக்ஸ்ரேய காட்டச் சொல்லுங்க, ரெண்டு வயசுக்கு மேல எடுத்ததா இருக்கணும். அத காட்டுறவங்களுக்கு 8 ஆயிரம் தாராளமா குடுக்கலாம். தாய் நாயவே காட்ட மாட்டேங்குறாங்க, பஸ் ஸ்டாண்டுல வந்து வாங்கிக்கச் சொல்றாங்கன்னா வண்டிய திருப்பிருங்க.

கேள்வி: 30 நாள் சிப்பிப்பாறை குட்டிய உடனே எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க. சின்னதுல எடுத்தாத்தான் நம்மகிட்ட ஒட்டும்னு சொல்றது நெசமா?
(விருதுநகர் வாசகர்)

பதில்: அவங்களுக்குப் பால் செலவு மிச்சம், அதான் நெசம். எட்டு வாரத்துக்கு முன்னாடி விக்கவே கூடாதுன்னு அதே 2017 விதில இருக்கு. அஞ்சாவது வாரத்துல இருந்துதான் குட்டி கூடப்பிறந்தத கடிச்சு, அது 'கீங்'னு கத்துனதும் விடுறதுக்கு கத்துக்கும். அத தாய்கிட்டயும் கூடப்பிறந்ததுககிட்டயும் கத்துக்காம வந்தா உங்க வீட்டுப் பிள்ளைங்க கையிலதான் கத்துக்கும். அட்வான்ஸ் குடுத்துட்டு வாங்க, வாரம் ஒருக்கா போய் பாருங்க, போறப்போ பாக்கெட்டுல சாவிக்கொத்து ஒண்ணு இருக்கட்டும்.