ஏழு வயதுப் பிள்ளையும் எழுபது வயது அம்மம்மாவும் ஒரே கொயரில் பாடலாமா?

உங்கள் கோவில் பங்கில் சின்னப் பிள்ளைகள் முதல் முதியவர்கள் வரை பாட ஆசைப்படுகிறார்கள், ஒரே கொயராக, அதாவது ஒரே பாடகர் குழுவாக வைப்பதா, வயதுக்கொரு குழுவா என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு கரையோரப் பங்கில் பல வருடமாகக் கீபோட் வாசிக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பயிற்சியைத் தனித்தனியாக வையுங்கள், மாதத்தில் ஒரு பூசையாவது எல்லாரும் சேர்ந்து பாடட்டும்.

பயிற்சி தனியாக இருக்க வேண்டியதற்குக் காரணம், பிள்ளைகள் தாளைப் பார்ப்பதே இல்லை, நாலு தரம் பாடிக் காட்டினால் காதாலேயே பிடித்துவிடுவார்கள். மறைக்கல்வி முடிந்த கையோடு அரை மணித்தியாலம் போதும். பெரியவர்களுக்குப் பெரிய எழுத்தில் பிரதி வேண்டும், மாலைச் செபமாலைக்கு வருகிற நேரம்தான் அவர்களுக்குத் தோது. இளைஞர்களைப் பிடிப்பதுதான் கஷ்டம். ஞாயிறு காலையிலும் டியூசன், சாதாரண தரம், உயர்தரம் என்று பரீட்சை வந்தால் பாதிக் கொயர் காணாமல் போய்விடும், அதற்காக அவர்களைப் பேசாதீர்கள், பரீட்சை முடிந்து வரும்போது இடம் இருக்கட்டும்.

சேர்ந்து பாடும்போது சறுக்குவது சுருதியில்தான். பிள்ளைகளுக்கு ஏற்றபடி எடுத்தால் ஐயாமார் சரணத்தில் உச்சத்துக்குப் போக முடியாமல் வாயை மூடிவிடுவார்கள். நான் சுருதியை ஒரு கட்டை, சில பாட்டுக்கு ஒன்றரைக் கட்டை இறக்கிவிடுவேன். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தாழ்வாக இருந்தாலும் சமாளிப்பார்கள், முதியவர்களால் ஏற முடியாது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் குரல் உடைகிற பொடியன்களைக் கவனியுங்கள். வெட்கத்தில் அப்படியே நின்றுவிடுவார்கள், பிறகு திரும்பி வரவே மாட்டார்கள். அந்த நேரம் தபேலாவோ தாளமோ கையில் கொடுத்துப் பக்கத்தில் இருத்திவிடுங்கள்.

நல்ல குரல் உள்ளவர்கள் மட்டும் பாடட்டும் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு பாடகர் குழுக்களை வளர்க்கச் சொல்கிறது, அதே இடத்தில் மக்கள் எல்லாரும் தங்களுக்குரிய பகுதியைப் பாட வேண்டும் என்றும் சொல்கிறது. இதைச் சுவாமியிடம் எடுத்துச் சொல்லுங்கள், அவர் உங்கள் பக்கம் நிற்பார்.

அப்புறம் தவக்காலம். இலங்கையில் பணிசெய்த கொன்சால்வெஸ் சுவாமி பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய, இயேசுவின் பாடுகளைச் சொல்கிற வியாகுலப் பிரசங்கத்தை இழுத்து வாசிக்கிற அந்த ராகம் எங்கள் பங்கில் இப்போது மூன்று பேருக்குத்தான் சரியாகத் தெரியும், மூவரும் எழுபதைத் தாண்டியவர்கள். போன வருடம் அவர்களுக்குப் பக்கத்தில் சிறுவர் கொயரில் ஐந்து பிள்ளைகளை இருத்தினோம். பெரிய வெள்ளியன்று ஒரு ஐயாவுக்கு நடுவில் மூச்சு வாங்கி வரி அறுந்தது, பத்து வயதுப் பிள்ளை ஒன்று அதே இழுப்பில் அந்த வரியை எடுத்து முடித்தது. ஐயா அந்தப் பிள்ளையின் தோளில் கை வைத்தபடியே அடுத்த வரியைத் தொடங்கினார்.

உங்கள் பங்கிலும் அந்த ராகம் தெரிந்தவர்கள் இருந்தால் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போங்கள், கொயர்ப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு. போனில் பதிந்தும் வையுங்கள்.